பரவாயில்லீங்க, டாக்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்னூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த அந்தத் தொண்ணூறுகளில் இன்னும் மோசம். தோட்டத்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "பேரிங் போயிருச்சுங்க, மாத்திக் குடுத்துருங்க" என்பார்கள். மாற்றிக் கொடுப்பேன். இரண்டே மாதத்தில் அதே மோட்டார் வரும், அதே பேரிங் போயிருக்கும். மூன்றாவது தடவை கத்த ஆரம்பித்துவிடுவேன். "பேரிங் போனதயே பாத்துட்டு இருந்தா எப்படிங்க? ஏன் போவுதுன்னு பாக்கோணுமல்ல? பம்பும் மோட்டாரும் ஒரே நேர்ல நிக்குதான்னு நூல் புடிச்சுப் பாத்தீங்களா?" அவர்கள் மிரண்டுபோய் என்னைத் தோட்டத்துக்கே கூட்டிப்போவார்கள். அங்கே அடியில் ஒரு போல்ட் தளர்ந்து, மோட்டார் ஒரு நூலளவு கோணி நிற்கும். அன்றைக்கு முழுவதும் எனக்குப் பெருமை பிடிபடாது.

இப்படி ஊரார் மோட்டாருக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்த மகராசன், சொந்த வீட்டில் ஒருத்தி நாலு வருஷம் வலிக்கிறது என்று சொன்னபோது காரணம் தேடவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

என் மனைவி பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவள் பொறுப்பு. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பள்ளிக்கு எந்த அதிகாரி வந்தாலும் கரும்பலகையில் நல்வரவு எழுதுவது அவள்தான். அந்தக் கைதான் முதலில் மக்கர் செய்தது. சாக்பீஸ் பிடித்த கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது என்றாள். தைலம் தேய்த்தோம், சரியானது. மூன்று மாதம் கழித்து முழங்கால். அது அடங்கியதும் விரல்கள். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. விடியற்காலையில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் தோள். உடம்புக்குள் ஏதோ ஒன்று வாடகை வீடு மாறுவது போல மாறிக்கொண்டே இருந்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வாய்வு என்றார்கள், உருளைக்கிழங்கும் மொச்சையும் வாழைக்காயும் எங்கள் வீட்டிலிருந்து வெளியேறின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் குளிர்காற்று என்றார்கள், ஜன்னலை அடைத்தோம். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. எட்டு வருஷமாகவா பிரசவ வலி இருக்கும் என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

டாக்டரிடம் போகவில்லையா என்றால், போனோம். அங்கேதான் வேடிக்கை. முதலில் போனது அன்னூரிலேயே ஒரு கைராசிக்காரரிடம். ஊசி போட்டு, மாத்திரை எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனதும், "எப்படீம்மா இருக்குது?" என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மருந்து நல்லாக் கேட்டுதுங்க டாக்டர். உங்க கைராசிங்க." அவளும் தலையாட்டி, "பரவாயில்லீங்க" என்றாள். அவருக்கு ஒரே சந்தோஷம். அதே மாத்திரையை இன்னும் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "ஏனுங்க, எனக்கு ஒண்ணுமே கொறையலீங்களே?"

"அதுக்காக? அத்தன பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா உங்க மருந்து கேக்கலீன்னு சொல்லச் சொல்றியா?"

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டு வர முடியுமா? அந்த மாதிரிதான் இதுவும். மருந்து கேட்கவில்லை என்றால் அவரிடம் சொல்ல மாட்டோம். சத்தமில்லாமல் வேறு டாக்டரிடம் போய்விடுவோம். புது டாக்டரிடம் பழைய டாக்டரைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். அது இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை அல்லவா? அவிநாசியில் ஒருவரிடம் முழங்காலை மட்டும் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். கோயமுத்தூரில் பெரிய எலும்பு டாக்டரிடம் தோளை மட்டும் காட்டினோம். கழுத்துக்குப் பட்டை போட்டார். அங்கேயும் பரவாயில்லீங்க, இங்கேயும் பரவாயில்லீங்க. ஒவ்வொருவரும் தம் மருந்து வேலை செய்துவிட்டது என்றே நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முழு மனுஷியை நாங்கள் யாருக்குமே காட்டவில்லை.

எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றுமில்லை என்று வந்ததும் என் புத்தி வேறு பக்கம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பா வீட்டார் ஏழெட்டுப் பேர் ஒறம்பரையாக விருந்துக்கு வந்திருந்தார்கள். காலை பதினொரு மணிக்கு இவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, "வேணும்னேதான் பண்ற நீ. எல்லா டாக்டரும் ஒண்ணுமில்லைங்கறாங்க. ஒடம்பு வளையலீன்னா நேரா சொல்லிப்போடு" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். எட்டுப் பேருக்குக் கறிக்குழம்பு வைத்து, இலை போட்டுப் பரிமாறினாள். ஒறம்பரைகள் குழம்பைப் புகழ்ந்து சாப்பிட்டார்கள். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பங்குனியில் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, போர்டில் ஒன்றுமே எழுதுவதில்லையாமே என்று கேட்டிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டாராம். அன்று சாயந்திரம் வந்து, "வேலைய எழுதிக் குடுத்தரலாம்னு இருக்கறேனுங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப குடுத்துர்றேன்" என்றாள். ராஜினாமாக் கடிதத்தை எழுதி, கைப்பைக்குள் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வேலை அது. வரன் பேச வந்த அன்றே, வேலையை விடச் சொல்லக் கூடாது என்று என் அப்பாவிடம் நேருக்கு நேர் கேட்டவள். அதை விடுகிறேன் என்று அவளே சொல்கிறாள் என்றால் எனக்கு உறைத்திருக்க வேண்டும். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு செய்தி பார்க்க உட்கார்ந்தேன்.

வைகாசி முதல் வாரத்தில் போத்தனூரில் அவள் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. அங்கே போய் இறங்கியதும் தங்கைக்காரி எங்களை வாங்க என்று கூடக் கேட்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாகப் பார்க்காத கண் அது.

"அக்கா, என்னக்கா மூஞ்சி இப்படி ஊதிக் கெடக்குது? கொரலு ஏன் ஆம்பளக் கொரலாட்டம் இருக்குது? இந்த வேக்காட்டுல எதுக்கு ஸ்வெட்டரு போட்டிருக்கற?"

"பஸ்ஸுல காத்து கண்ணு" என்றாள் இவள்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "ஏனுங் மாமா, நீங்க பாக்கவே இல்லீங்களா?"

தினமும் பார்க்கிறேன், எனக்கு அப்படியொன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. காது குத்தி முடித்த மறுநாளே, இரண்டு தெரு தள்ளி ஒரு லேடி டாக்டரிடம் எங்கள் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போனாள். தங்கை வெளியே பெஞ்சில் உட்கார, நாங்கள் உள்ளே போனோம்.

நரைத்த தலை, மூன்று நாற்காலி, ஒரு மேஜை. அந்த டாக்டர் என் மனைவியைப் பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றார். வழக்கப்படி நான் ஆரம்பித்தேன். "இப்பப் பரவாயில்லீங்க டாக்டர். தோள்பட்டைதான் லேசா..."

"உங்களுக்கா வலி?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க பேசாம இருங்க. வலிக்கறவங்க சொல்லட்டும்."

பட்டறையில் என்னிடம் யாராவது இப்படிப் பேசியிருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவியும், "பரவாயில்லீங்க டாக்டர்" என்றுதான் தொடங்கினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பரவாயில்லைன்னா என்கிட்ட எதுக்கும்மா வந்தீங்க? முன்னாடி யார் யாரைப் பாத்தீங்க, எது கேக்கலை, எல்லாம் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். இருபது நிமிடமாவது பேசியிருப்பாள். என் வீட்டுக் கதையை நான் முதல் முதலாகக் கேட்டது அங்கேதான். தலைக்கு ஊற்றிக்கொள்ள கை போகாததால் ஒரு வருஷமாக உட்கார்ந்தே குளிக்கிறாள். பஸ் படியில் ஏற முடியாமல், பின்னால் வருகிறவர்களை முதலில் ஏறச் சொல்லிவிட்டு, கண்டக்டரிடம் கை கேட்டுக் கடைசியில் ஏறுகிறாள். மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் எதிர்வீட்டுப் பெண்தான் பின்னிவிடுகிறாள். எனக்குத் தெரியக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறது. தீட்டு பத்து நாள் நிற்பதில்லை. வகுப்பில் பிள்ளைகளின் பெயரே மறந்துபோகிறது. இதையெல்லாம் வலியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை என்றாள். கை வலிக்குப் போனால் கை வலியைத்தானே சொல்ல வேண்டும்?

டாக்டர் அவளை நாற்காலியில் முழங்காலிட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் உதைத்தது. உதைத்த பாதம் உடனே திரும்பவில்லை. மெல்ல, மிக மெல்லத் திரும்பி வந்தது. "பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார். இன்னொரு தடவை தட்டினார். பிறகு, கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வாரம் நான் பட்டறையில் யாரையும் திட்டவில்லை. பெரிய வியாதியாக இருக்குமோ என்று பயம். வீட்டில் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து, காபி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது வினோதமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ரிசல்ட்டோடு போய் உட்கார்ந்தோம். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, தைராய்டு என்றார். கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி, அது சுரப்பது குறைந்தால் உடம்பு முழுவதுமே மெதுவாகிவிடும், தசை விறைக்கும், மூட்டு வலிக்கும், குளிரும், முகம் ஊதும், எல்லாம் அதிலிருந்து வருவதுதான் என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரே ஒரு மாத்திரை. வலி ஒரேயடியாகப் போகாது, மாதக்கணக்கில் ஆகும், மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது என்றார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஆடி முடியும்போது முகம் பழைய முகமானது. தோள் பிடிவாதக்காரத் தோள், அது இறங்கி வர தை மாதம் ஆனது. ஓய்வு பெறும்வரை அவள் போர்டில் எழுதினாள். ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று அந்த அறையில் எங்களுக்கு எதுவும் தெரியாது. கடிதம் அவள் மடியிலிருந்த கைப்பைக்குள் இருந்தது, பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது.

"வேலைக்குப் போலாமுங்களா டாக்டர்?" என்று நான் கேட்டேன். இந்தக் கேள்வியை மட்டும் அவர் என்னைக் கேட்க விட்டார்.

"ஏன் போகக்கூடாது? கொஞ்ச நாளைக்கு நாற்காலியில உக்காந்து சொல்லிக் குடுக்கட்டும். வேலையை விடறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லை."

என் மனைவி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

"டாக்டர், அப்ப நான் வேணும்னே செய்யலீங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "எதைம்மா?"

"இந்தப் படுத்துக்கறது, எந்திரிக்க முடியலீங்கறது எல்லாம். நெசமாலுமே முடியாமத்தானுங்களா இருந்துது? எனக்கே சந்தேகமா இருந்துதுங்க. கொஞ்ச நாளா நானே என்னிய வைய ஆரம்பிச்சுட்டனுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா உங்ககிட்ட அப்படிச் சொன்னது?"

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் நெனச்சுக்கிட்டனுங்க."

நாலு வருஷ வலிக்கு நடுவிலும் என் மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு நொடி கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். டாக்டரும் மருந்துச் சீட்டை எழுதக் குனிந்துவிட்டார்.

"நாந்தானுங்க டாக்டர் சொன்னேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், பேசாதீர்கள் என்பது போல. அந்த விரல்கள் அப்போதும் சரியாக மடங்கவில்லை.