கறுத்த விரல்களுக்கு ஒரு சேலை

மூட்டை இறக்கப் போன பொள்ளாச்சி ஜவுளிக்கடையில் இன்று அந்துருண்டை வாசம் அடித்ததும், சித்திரபுரம் எஸ்டேட் லயத்து வீட்டில் அக்காவை மறையூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்த மதியம் நினைவுக்கு வந்தது. கல்யாணத்தோடு தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிடலாம் என்று அவள் நம்பியிருந்தாள். அந்துருண்டை மணக்க அம்மா பெட்டியிலிருந்து எடுத்த சரிகைக் கரை வெள்ளைச் சேலைமேல், தேயிலைக் கறை ஏறிய விரல்களை அக்கா வைத்துப் பார்த்தாள்.

“வெள்ளையில கை இன்னும் கறுப்பாத் தெரியுதும்மா. அந்தக் கரும்பச்சையக் குடு.”

“எதையாவது சீக்கிரம் கட்டுடி, ஜீப்பு வந்துட்டு.”

எலுமிச்சைத் தோல் தேய்த்தும் கறை போகாத விரல்களைப் பச்சை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாய் சேலையைப் பார்க்கவே இல்லை. முந்தானையை விலக்கி, விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னாள்:

“வேலை செஞ்ச கைதாம்ல. நம்ம கரும்புக் காட்டுக்கு ஆகும்.”

அம்மா சிரித்தாள். அக்கா கையை மறுபடி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.