தண்ணீர் வந்த நாட்கள்

பாளையம்பட்டியில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். குடிதண்ணீர் எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை கீழே உள்ள குழாயில் வரும். வந்த தேதியையும் நேரத்தையும் ஒன்பது வருடமாக டயரியில் குறித்து வருகிறேன். அதைப் பார்த்து, அடுத்து என்றைக்கு வரும் என்று தெருவுக்கே சொல்வேன். அதில் எனக்குப் பெருமை.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் சொன்னபடியே காலை ஆறே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது. என் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். மூன்று வயது மகள் அழுதுகொண்டே சேலையைப் பிடித்து இழுக்க, அவள் குடத்தோடு படியேறினாள்.

"ஒரு குடமாச்சும் தூக்குங்களேன். டயரியில எழுதுனா அண்டா ரொம்பிருமா?" என்றாள்.

"இந்தா வாரேன்" என்றேன். எழுதி முடித்து, படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலும் ஓர் அத்தியாயத்தை முடித்து எழுந்தபோது அண்டா நிறைந்திருந்தது.

அன்று மதியம் அவளுக்கு உதிரப்போக்கு. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் கரு தங்கவில்லை. குடம் தூக்கியதால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு மனம் ஆறவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் கேட்டாள்: "இந்தத் தேதியையும் எழுதிட்டீகளா?"

வீட்டுக்கு வந்து பழைய டயரிகளைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் 'தண்ணீர் வந்தது' என்று இருக்கிறது. யார் சுமந்தது என்று ஓரிடத்திலும் இல்லை.

இப்போது தண்ணீர் பிடிப்பதும் மகளைக் குளிப்பாட்டுவதும் நான்தான். குழாய்ச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் மனைவியும் எழுந்து வருகிறாள். "நீ உக்காரு" என்கிறேன். உட்கார்வதில்லை. நான் சுமந்து ஏறுவதைப் பார்த்தபடி படியோரமாகவே நிற்கிறாள்.