காலரில் ஊதாக் கறை

நாட்டு மருந்துக் கடைக்கு நோயாளி வருவதே கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் வேறு யாருக்கோ வாங்க வந்தவர்கள்தான். இருபது வருஷம் வெளிநாட்டில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, ஆழ்வார்குறிச்சியில் மாமனாரின் கடையில் வந்து உட்கார்ந்த முதல் வாரமே இது எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் சோரியாசிஸ் என்றும் சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்றும் சொல்கிற செதில் நோய்க்காரர்கள்தான் இதில் ரொம்ப மோசம். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அதேதான்.

எனக்குத் தலையில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு சலூனில், இரண்டு இழுப்பு இழுத்த சீப்பை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆள் என் கண்முன்னாலேயே கை கழுவினார். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு மொழி தெரியும். காசை வைத்துவிட்டு, வெட்டாத தலையோடு எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு முடி வெட்டுவது என் மனைவி. இங்கே என் கடைக்கு நேர் எதிரே ஒரு சலூன். அந்த நாற்காலியில் ஒரு தடவையாவது எல்லாரையும் போல உட்கார்ந்து எழுந்துவிட வேண்டும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மச்சானின் முழங்கை

வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மச்சானுக்கு அரிப்பாம். "கொதிக்கக் கொதிக்கக் குளிக்காரா?" என்றேன். "வெந்நி இல்லாம முடியாது" என்றார், மச்சான் சார்பில். வெதுவெதுப்பு போதும், சோப்பைக் குறைக்க வேண்டும், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், காலை இளவெயில் கொஞ்ச நேரம் படலாம், சுடுகிற வெயில் ஆகாது என்றெல்லாம் சொன்னேன்.

"எந்தக் கையில?" என்று கேட்டேன். "ரெண்டு முழங்கையிலயும்" என்றார், தன்னுடையதைச் சொறிந்துகொண்டே. படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "மச்சானுக்குத் தூக்கமே இல்ல அண்ணாச்சி, ஆனா கொட்டாவி மட்டும் எனக்குல்லா வருது."

பீர்க்கங்காய் நார்

பீடி சுற்றுகிற செல்லம்மாக்கா, ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவுக்கு விருந்தாள் வருவதற்குள் முழங்கால் செதிலைப் போக்கிவிட வேண்டும் என்று பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்த்திருக்கிறார். ரத்தம் வந்ததும் அழுக்கு போகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறார். "உரிச்ச இடத்துல புதுசா கிளம்பும் அக்கா. எண்ணெய் வச்சு ஊறவிடுங்க, தானா விழட்டும்" என்றேன்.

கொடை முடிந்து மூன்றாவது வாரம் வந்தார். புண் ஆறியிருந்தது, செதிலும் மெலிந்திருந்தது. "நாரப் பாத்திரம் கழுவப் போட்டுட்டேன் தம்பி. இனிமே ரத்தம் வந்தா சட்டிக்கு வரட்டும்."

ஊதா எண்ணெய்

வெட்பாலை இலையைக் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் மொட்டைமாடி வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் ஊதாவாக மாறும். பலருக்கு அரிப்பைத் தணிக்கும். எல்லாருடைய சட்டையையும் கெடுக்கும். முதலில் ஒரு பொட்டு தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்லித்தான் கொடுப்பேன்.

ஒருமுறை அந்த நிறத்தைக் காட்டி ஒருவரிடம் பெருமை பேசிவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய் டாக்டர் கொடுத்த களிம்பையும் மாத்திரையையும் அன்றே நிறுத்திவிட்டார். பத்து நாளில் உடம்பெல்லாம் சிவந்து, விரல் மூட்டு வீங்கி வந்து நின்றார். கடையைச் சாத்திவிட்டு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இப்போது தேறிவிட்டார். ஆனால் இன்றும் பாட்டில்களில் 'டாக்டர் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்' என்று சீட்டு ஒட்டும்போதெல்லாம், ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் சொன்னது காதில் கேட்கும். "விடச் சொல்லலன்னு சொல்லுதீரே, விடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னீரா வே?"

செவ்வாய்க்கிழமை

எதிர்ச் சலூன்காரர் மாரியப்பன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி வந்து, தன் தம்பிக்கு என்று ஊதா எண்ணெய் வாங்கிப்போனார். நானும் வழக்கம்போல நம்பிவைத்தேன்.

சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அப்படி ஒரு செவ்வாயில் மாரியப்பன் சுக்கு வாங்க வந்தார். பொட்டலத்துக்கு நீட்டிய கையில், சட்டை விளிம்பில் ஊதாக் கறை. நான் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை என் காலரில் வந்து நின்றது. அங்கேயும் அதே ஊதா.

"யாரு வெட்டுதா உங்களுக்கு?"

"வீட்ல."

"தெரியுது. வாங்க."

ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே கூட்டிப்போனார். கறுப்புத் துணியைப் போர்த்தினார். சீப்பு இறங்கியது. துணியில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. கண்ணாடியில் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது நிற்கவில்லை. "இந்தத் தலைய பைய வாரணும், பல்லு அழுந்தக்கூடாது" என்று தனக்குள் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டார். யாரும் இல்லாததால் சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தார். முழங்கையில் என் தலையில் இருந்த அதே திட்டு.

முடிந்ததும் துணியை உதறிவிட்டு, தன் முழங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அடுத்த தடவை புதன்கிழமை வாங்க அண்ணாச்சி. நானும் கையச் சுருட்டிக்கிட்டே வெட்டுதேன், நாலு பேரு பாக்கட்டும்."

எண்ணெயும் இளவெயிலும் டாக்டர் களிம்பும் சேர்ந்து என் செதிலைப் பாதியாகத்தான் குறைத்திருக்கின்றன. முழுசாகக் குணமானது, ஒன்பது வருஷமாக என் மனைவி வெட்டிவந்த அந்தக் கோணல் கிராப்பு ஒன்றுதான்.