தட்டிவிட்டுத் திறக்கும் பெயிண்டர்

எங்கள் பழைய வீட்டின் சரித்திரத்தை எழுதப்போகிறேன் என்று, துபாயில் கண்ணில் பட்ட ஊர்க்காரர்களையெல்லாம் கேள்வி கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து அந்தப் பெயிண்டர் கராமாவில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வேலைக்கு வந்தார். எங்கள் ஊர்தான். ஒல்லி உடம்பு, நரைத்த புருவம், அதில் பச்சைப் பெயிண்ட். காலி அறையாக இருந்தாலும் கதவை இரண்டு முறை தட்டி, கொஞ்சம் காத்திருந்துதான் உள்ளே போவார்.

“உள்ளே ஒட்டகமா கட்டியிருக்கோம், அண்ணே?” என்றேன்.

“உங்க வீட்டுல பழகினது, தம்பி. சின்ன வயசுல அங்க சுண்ணாம்பு அடிக்க வருவேன். கடைசி ரூமைத் தட்டிட்டுத்தான் திறக்கணும்பாரு உங்க தாத்தா. தட்டினா, உள்ளேயிருந்தும் ரெண்டு தட்டு வரும்.”

“யாரு?”

“அவரோட தங்கச்சி. புத்தி சரியில்லைன்னு பூட்டி வெச்சிருந்தாங்க. ‘வெளியே என் பேரைச் சொல்றாங்களா’ன்னு அது கேக்கும். ‘சொல்றாங்க’ம்பேன்.”

“பேரு என்ன?”

“அது எனக்குத் தெரியாதே, தம்பி.”

தாத்தாவுக்குத் தங்கை என்று ஒரு ஆள் இருந்ததையே எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. லீவில் ஊருக்குப் போனால் நான் ஏசி போட்டுக் குறட்டை விடுவது அந்த அறையில்தான். அன்று ஏசி இல்லாமலே பல் கிட்டியது.

அடுத்த லீவில் என் அறைக் கதவை நானே இரண்டு முறை தட்டினேன். பெண்டாட்டி சிரித்தாள். பதில் வந்திருந்தால் தெருமுனை வரை ஓடியிருப்பேன். வரவில்லை. ஆனாலும் திறக்கக் கை வரவில்லை.

தட்டிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பெயிண்டரிடம் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.