பசுவின் பங்காளி

பரிணாம மரங்களை இணையத்தில் வரையும் மென்பொருள் எழுதுகிறேன் என்று கோயம்புத்தூரில் சொன்னால், அடுத்த கேள்வி "தேக்குங்களா, தென்னைங்களா?" என்றுதான் வரும். தொழிலை விளக்கியே நாக்கு வறண்டவர்களே, இது உங்களுக்காக.

படுத்த மரம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு, பாலூட்டிகளின் உறவைத் திரையில் காட்டும் மரம் கேட்டார்கள். தாளாளருக்குப் பிடித்தால் வேலை எங்களுக்கு. பிடிக்காவிட்டால் பெங்களூர்க்காரர்களுக்கு, நானும் சக ஊழியர் சாந்தாமணியும் மறுபடி ஜவுளிக்கடைக்குப் பில் போடும் மென்பொருளுக்கு.

முதல் வரைவில் வேர் இடப்பக்கம், கிளைகள் வலப்பக்கம். துறையின் மரபு அது என்று சான்றுகளுடன் விளக்கினேன். தாளாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க, நேத்து அடிச்ச காத்துல உழுந்துபோச்சுங்களா?"

சம்பந்தம்

மரத்தை நிமிர்த்தினேன். உச்சியில் வரிசையாகக் குதிரை, பன்றி, பசு, திமிங்கிலம், நீர்யானை. காங்கேயம் மாடு வளர்ப்பவர் தாளாளர். பசுவுக்குப் பக்கத்தில் திமிங்கிலத்தைக் கண்டதும் முகம் கறுத்தது. குதிரையை அங்கே வைக்கச் சொன்னார். உண்மையில் பசுவுக்குத் திமிங்கிலமும் நீர்யானையும்தான் நெருக்கம், குதிரை தூரம். உறவை மாற்றினால் பொய், மாற்றாவிட்டால் ஜவுளிக்கடை.

"தண்ணியில கெடக்கறதுக்கும் எங்க லட்சுமிக்கும் என்னங்க சம்பந்தம்?"

இரண்டு திருகு

கிளை பிரியும் இடத்தைச் சொடுக்கினால் இரு பக்கமும் இடம் மாறும். யார் யாரிடமிருந்து பிரிந்தார் என்பது மாறாது. சாந்தாமணி இரண்டே இடத்தில் சொடுக்கினார். குதிரை, பசு, நீர்யானை, திமிங்கிலம், பன்றி! நான் மனச்சாட்சி பற்றி முணுமுணுத்தேன்.

"பொய் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. எடத்த மாத்தி உக்கார வெச்சிருக்கறம், அவ்வளவுதானுங்க."

கண்காட்சி

தாளாளருக்குப் பரம திருப்தி. கண்காட்சியன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றார். அன்று அவர் மச்சினர் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து, திரையில் பசுவைத் தொட்டார். உடனே ஒரு பெட்டி விரிந்தது: 'நெருங்கிய பங்காளிகள்: நீர்யானை, திமிங்கிலம்.' ஒரே மூதாதையின் வழிவந்தவர் பங்காளி என்று பெருமையோடு நான் மொழிபெயர்த்து வைத்து, மறந்தே போன பெட்டி.

"ஏனுங் மச்சான், பக்கத்துல குதிரை நிக்குது, பங்காளி திமிங்கிலம்ங்குது?" என்று சிரித்தார் மச்சினர்.

சாந்தாமணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தாளாளர் பெட்டியை இரண்டாம் முறை படித்துவிட்டு மச்சினர் பக்கம் திரும்பினார்.

"பந்தியில நீயுந்தான் எம்பக்கத்துல உக்காருவ. பங்காளி ஆயிருவியா? பங்காளியா இருந்தா உங்கக்காவ நான் கட்டியிருக்க முடியுமா? தம்பி, அந்தப் பேனாவக் குடுங்க."

கிளையை எந்தப் பக்கம் திருப்பினாலும் பங்காளி பங்காளிதான் என்பதே நான் கண்டது. வரப்புத் தகராறில் இருக்கும் வாசகர்களுக்கு என் அனுதாபங்கள்.