தெற்கு வாசல்

வங்காளத்துக் கிடர்பூர் கப்பல் துறையில் உழைத்து, வாடகை அறைகளில் அலைந்து அலுத்தவன் நான். சொந்த வீடு இல்லாதவர்களுக்கென்று நகரசபை கட்டிய மலிவு விலை வீடுகளில் ஒன்று, குலுக்கலில் எனக்கு விழுந்தது.

பார்க்கப் போனோம். மனைவி வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"தெக்கு வாசலா? எமன் வர்ற திசைங்க அது. நான் கால் வைக்க மாட்டேன்."

எதிர் வரிசையில் வடக்கு வாசல் வீடு கிடைத்த வங்காளி ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, "வீட்டை மாத்திக்கலாமா, தாதா?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெற்குக் காத்து வர்ற வீட்டை யாராவது விட்டுக்கொடுப்பாங்களா? எங்கம்மாவுக்கு மூச்சிரைப்பு. கேக்க வாய் வராம நின்னேன்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்தபின் உண்மைக் காரணத்தைச் சொல்லாமலே வீட்டை மாற்றிக்கொண்டேன்.

சித்திரையில் எங்கள் வடக்கு வாசல் வீடு அடுப்பாகக் கொதித்தது. அவரே வந்து, "பௌதி, எங்க வீட்டுக்கு வாங்க" என்று அண்ணி முறை சொல்லி என் மனைவியை அழைத்துப் போனார். அவர் தாயின் அருகில், அந்தத் தெற்கு வாசலிலேயே அவள் அயர்ந்து தூங்கினாள். அன்றுதான் காரணத்தைச் சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் காத்துல எமனும் தூங்கிப்போவான், தாதா!"

இன்றும் வேலை முடிந்து களைத்து வந்தால் முதலில் அவர் வாசலில்தான் உட்காருகிறேன். சொந்த வீட்டுக்கு அப்புறந்தான் போகிறேன்.