பஹீமா டீச்சரின் படபடப்பு

தன்னை ஜின் என்னும் ஆவி பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களில் யாருமே கெட்டவர்கள் இல்லை என்பதுதான் ஏறாவூர் பஹீமா டீச்சருக்கு இன்றும் ஆறாத விஷயம்.

பதினேழு வயதில் தொடங்கியது. குனிந்து எதையாவது எடுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். கழுத்து துடிப்பது வெளியே தெரியும். அரை மணித்தியாலத்துக்குள் தானாகவே சட்டென்று நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்கையில் எல்லாம் அடங்கியிருக்கும். ஈசீஜியில் ஒன்றும் தெரியாது. "மனப்பயம்" என்று குளிசை எழுதிக் கொடுப்பார்கள்.

மகள் றுமைஸா பிறந்த பின் அடிக்கடி வந்தது. ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மயங்கி விழுந்தார். ஜின்னின் வேலை என்று கணவர் அக்ரம் ஓதிப் பார்ப்பவரிடம் கூட்டிப்போனார். பஹீமா இரண்டு வருடம் ஓதிய தண்ணீரைக் குடித்தார், கையில் ஓதிய நூல் கட்டிக்கொண்டார்.

"புள்ளய உன்னோட விட எனக்குப் பயமா இரிக்கி" என்றார் அக்ரம். வீடு பஹீமாவுக்குச் சீதனமாக வந்தது. ஆகவே அக்ரம்தான் வெளியேறினார், நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு, ஓட்டமாவடிக்கு. விவாகரத்தின்போது பஹீமா எதிர்த்துப் பேசவில்லை.

எட்டு வருடங்களுக்குப் பிறகு வகுப்பறையில் மீண்டும் வந்தது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. தாதி அஜந்தா வரிசையைப் பார்க்காமல் கட்டிலில் படுக்கவைத்து வயர்களை ஒட்டினார்.

"அசையாதீங்க டீச்சர். படபடப்பு நிண்டுட்டா பிறகு ஈசீஜியில பிடிக்கேலாது."

நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து துடிப்பு.

இதய நிபுணர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். "மேல, இந்தக் கணுவில இருந்துதான் துடிப்புக்கான மின்சாரம் வரும். அது கீழ போக ஒரு பாதைதான் இருக்கவேணும். உங்களுக்குப் பிறப்பிலயே இன்னொண்டு இருக்கு. கீழ போனது அதால திரும்பி மேல வந்து சுத்துது. சுத்தத் தொடங்கினா கணு சொல்றத இதயம் கேக்காது."

கொழும்பில், தொடை இரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அந்தப் பாதையைச் சுட்டார்கள். இரண்டு மணித்தியாலம். படபடப்பு அதோடு போனது.

டாக்டரின் கடிதத்தோடு ஓட்டமாவடிக்குப் போனார் பஹீமா. அக்ரம் இரண்டு தரம் வாசித்தார்.

"எல்லாரும் அப்பிடித்தானே சொன்ன. நான் என்ன செய்ய?"

அவர் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது றுமைஸா கதவோரம் நின்று, "வாங்க" என்றாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல. பக்கத்தில் வந்து உட்காரவில்லை. உள்ளேயிருந்து அக்ரமின் இரண்டாவது மனைவி கூப்பிட்டதும், "வாறன் உம்மா" என்று போய்விட்டாள்.

பஹீமா படிப்பிப்பது விஞ்ஞானம். இதயப் பாடத்தை வருடாவருடம் கரும்பலகையில் வரைந்து, அந்தக் கணுவையும் பெயரெழுதிக் காட்டியவர். அக்ரமை ஒருவிதமாக மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார்.

"அவர விடுங்க. நூலக் கட்டக் கை நீட்டினது நான்தானே."